பொழுது சாய்ந்த பிறகு இறங்கலாம்

சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம் போய் வந்தவர்கள் சொல்லும் கதைகளில் கடைசி நாள் காலை கட்டாயம் வரும். முந்தின இரவே பெட்டிகளில் வண்ணச் சீட்டு கட்டி அறைவாசலில் வைத்துவிட வேண்டும். சீட்டின் நிறம் எதுவோ அந்த வரிசைப்படிதான் இறங்க முடியும். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முன்னால் போவார்கள். தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போக முடிந்தவர்கள் அதற்கும் முன்னால். அவசரமில்லாதவர்கள் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக இறங்கலாம். எப்போ இறங்கறது, எப்படி இறங்கறது என்று கணவனும் மனைவியும் ஒரு ராத்திரி முழுக்க விவாதிப்பார்களாம். கேட்கும்போது சிரிப்பு வரும்.

கடல் பயணங்களின் வரலாற்றைக் கொஞ்சம் வாசித்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. கப்பல் ஏறியவர்களைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. கண்ணீரோடு ஏறியவர்கள், ஏமாற்றி ஏற்றப்பட்டவர்கள், கனவோடு ஏறியவர்கள் என்று எல்லாரும் எழுதப்பட்டிருக்கிறார்கள். இறங்கினவர்களைப் பற்றி அந்த அளவுக்கு இல்லை. ஆனால் சிக்கல் இருப்பது இறங்குகிற இடத்தில்தான். ஏறுவதற்குக் கையில் பணம் இருந்தால் போதும். இறங்குவதற்குக் கரையில் இருப்பவனின் சம்மதம் வேண்டும். அவன் சம்மதிக்காவிட்டால், கையில் டிக்கெட் இருந்தாலும் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எப்போது இறங்குவது, எப்படி இறங்குவது என்ற கேள்வி ஒருவனின் உயிர்க் கேள்வியாகவும், அதைவிடப் பெரிய வேறொரு கேள்வியாகவும் ஆன ஒரு நாள் உண்டு. 1897 ஜனவரி 13. இடம் டர்பன் துறைமுகம். கப்பலின் பெயர் கோர்லண்ட். இறங்க வேண்டிய ஆளுக்கு வயது 27. அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

இந்தச் சம்பவத்தைக் காந்தியே சத்திய சோதனையிலும் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றிலும் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடப் புத்தகங்களில்கூட ஒரு வரி வரும்: கூட்டம் அடித்தது, போலீஸ் அதிகாரியின் மனைவி குடையை விரித்துக் காப்பாற்றினார். அடியும் குடையும் நம் நினைவில் தங்கிவிட்டன. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கப்பலில் நடந்த ஒரு சின்னப் பேச்சு தங்கவில்லை. என்னைத் திரும்பத் திரும்ப அந்தப் பக்கங்களுக்கு இழுப்பது அந்தப் பேச்சுதான்.

*

முதலில் அந்தத் துறைமுகத்தைச் சொல்லிவிடுகிறேன். டர்பன் விரிகுடாவின் வாயிலில் ஒரு மணல்திட்டு நீருக்கடியில் கிடந்தது. பெரிய கப்பல்கள் அதைத் தாண்டி உள்ளே வர முடியாது. வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து சின்ன இழுவைப் படகு போகும். அலை எழும்பிக்கொண்டிருப்பதால் ஏணி வைத்து இறங்க முடியாது. பிரம்பால் பின்னிய ஆளுயரக் கூடை ஒன்றில் பயணிகளை நிற்கவைத்து, கதவைச் சாத்தி, பாரந்தூக்கியால் தூக்கிப் படகின்மேல் இறக்குவார்கள். சீமாட்டிகளும் துரைமார்களும் அப்படித்தான் நேட்டால் மண்ணுக்கு வந்தார்கள். மணலைத் தோண்டி ஆழப்படுத்தி, பெரிய பயணிக் கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கியது 1904இல்தான். சின்னக் கப்பல்கள் மட்டும் நீர்மட்டம் பார்த்துத் திட்டைத் தாண்டி உள்ளே வந்து துறையில் நிற்கும்.

ஆக, டர்பனில் ஒரு கப்பல் வெளியே நிற்பதற்கும் உள்ளே வருவதற்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைக் கடப்பது கடலும் மணலும் சம்பந்தப்பட்ட காரியம். 1896 டிசம்பரில் அது அரசியல் காரியமாகிவிட்டது.

இந்தத் துறைமுகத்தில் இறங்கிய முதல் இந்தியர்களில் நம் ஆட்கள் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதன் பின்னால் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அப்படி வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். எப்போது இறங்குவது, எப்படி இறங்குவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பட்டியலில் ஆளுக்கு ஓர் எண். இறக்கி, எண்ணி, கொட்டகையில் வைத்து, எந்தக் கரும்புத் தோட்ட முதலாளிக்கு எத்தனை பேர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் அங்கே வேலை. 'அக்ரிமென்ட்' என்ற சொல் வாயில் திரிந்து 'கிர்மிட்' ஆனது. அவர்கள் கிர்மிட்டியாக்கள்.

பிறகு வேறொரு வகை இந்தியர்கள் வந்தார்கள். பெரும்பாலும் குஜராத்தி வணிகர்கள், அவர்களுடைய கணக்கர்கள், உறவினர்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். இவர்களுக்கு அந்தக் காலத்திலிருந்து வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர் 'பாசஞ்சர் இந்தியர்'. எவ்வளவு பொருத்தமான பெயர் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் மற்றவர்கள் பயணிகளே இல்லை, சரக்கு என்றுதானே அர்த்தம்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மேலே நடந்ததெல்லாம் புரியும்.

*

காந்தி 1893இல் தாதா அப்துல்லா என்ற வணிகரின் வழக்குக்காக டர்பனுக்குப் போனார். போன சில நாட்களிலேயே நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்ற மாட்டேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டார். அடுத்த ஆண்டு நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கினார். அந்தச் சமயத்தில்தான் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவரிடம் வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். துணி கிழிந்திருந்தது. தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் கிர்மிட்டியா தலைப்பாகையைக் கழற்றியாக வேண்டும் என்பது பழக்கம். இந்திய வக்கீலிடமும் அதே மரியாதையைக் காட்டினார். காந்தி முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துப் போனார், முதலாளியை மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

1896 ஜூனில் குடும்பத்தை அழைத்துவர காந்தி இந்தியாவுக்குக் கிளம்பினார். போன கப்பல் பொங்கோலா. அந்தக் கப்பலின் மருத்துவர் கொடுத்த சுயபோதினிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்தார். ராஜ்கோட்டில் உட்கார்ந்து நேட்டால் இந்தியர்களின் நிலை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பச்சை அட்டை போட்டிருந்ததால் அதற்குப் பச்சைப் பிரசுரம் என்று பெயர். பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டார். பம்பாய், பூனா என்று பேசிக்கொண்டு சென்னைக்கு வந்தார். 1896 அக்டோபர் 26 அன்று பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். பாலசுந்தரம் கதை சென்னையை உலுக்கிவிட்டது என்று பின்னால் எழுதுகிறார். பச்சைப் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பு சென்னையில்தான் அச்சாகி விற்றது.

இதற்கிடையில் அந்தப் பிரசுரத்தைப் பற்றி ராய்ட்டர் ஒரு சுருக்கத்தை லண்டனுக்குத் தந்தியாக அனுப்பியது. அங்கிருந்து இன்னும் சுருங்கி மூன்றே வரியாக நேட்டாலுக்குப் போனது. சுருங்கச் சுருங்கக் காரம் ஏறியது. காந்தி எழுதாத கடுமையெல்லாம் அந்த மூன்று வரியில் இருந்தது. டர்பன் வெள்ளையர்கள் கொதித்துப்போனார்கள்.

கல்கத்தாவில் இருந்தபோது காந்திக்கு டர்பனிலிருந்து தந்தி வந்தது: ஜனவரியில் சட்டசபை கூடுகிறது, உடனே வரவும். தாதா அப்துல்லா அப்போதுதான் கோர்லண்ட் கப்பலை வாங்கியிருந்தார். காந்தியும் குடும்பமும் இலவசமாக வரலாம் என்றார். கஸ்தூர்பா, இரண்டு மகன்கள், விதவையான அக்காளின் மகன் ஒருவன். நவம்பர் இறுதியில் பம்பாயில் ஏறினார்கள். கூடவே நாதேரி என்ற இன்னொரு கப்பலும் கிளம்பியது. அதற்கும் டர்பனில் ஏஜென்ட் தாதா அப்துல்லாவின் கம்பெனிதான்.

இறங்கும்போது எப்படித் தெரிய வேண்டும் என்று காந்தி கப்பல் ஏறும் முன்பே தீர்மானித்திருந்தார். நாகரிகமான இந்தியர்கள் என்றால் பார்சிகள் என்று வெள்ளையர்கள் நினைத்தார்கள். அதனால் கஸ்தூர்பாவுக்குப் பார்சி முறையில் சேலை, பையன்களுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும், எல்லாருக்கும் காலுறையும் பூட்ஸும். காலுறை வியர்வையில் நாறியது, பூட்ஸ் காலைக் கடித்தது, முள்கரண்டியால் சாப்பிடப் பழக வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவரே பின்னாளில் வேடிக்கையாகவும் கொஞ்சம் வெட்கத்தோடும் எழுதுகிறார். கஸ்தூர்பாவுக்கு அதில் என்ன அபிப்பிராயம் இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

*

டிசம்பர் 18 அன்று இரண்டு கப்பல்களும் டர்பனுக்கு வெளியே நங்கூரம் போட்டன. மஞ்சள் கொடி ஏறியது. கப்பலில் தொற்று இருக்கலாம், யாரும் ஏறவோ இறங்கவோ கூடாது என்பதற்கு அது அடையாளம்.

பம்பாயில் அப்போது பிளேக் பரவிக்கொண்டிருந்தது. அது பொய் இல்லை. ஆயிரக்கணக்கில் சாவு விழுந்துகொண்டிருந்த காலம். பிளேக் கிருமி வெளிப்பட அதிகபட்சம் 23 நாள் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. பம்பாயை விட்டுக் கிளம்பி 23 நாள் ஆகும்வரை காத்திருங்கள் என்றார் சோதிக்க வந்த மருத்துவர். அதாவது இன்னும் ஐந்து நாள். அது நியாயம்தான்.

ஐந்து நாள் முடிந்தது. கொடி இறங்கவில்லை. மறுபடி ஒரு தவணை. பிறகும் ஒரு தவணை. கப்பலில் ஒருவருக்கும் நோய் இல்லை. மருத்துவக் காரணம் தீர்ந்துபோன பிறகும் மருத்துவத் தடை தொடர்ந்தது. கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். நகர மண்டபத்தில் வெள்ளையர்கள் பெரிய கூட்டங்கள் போட்டார்கள். காந்தி இரண்டு கப்பல் நிறைய இந்தியர்களைக் கொண்டுவந்து நேட்டாலை நிரப்பப் பார்க்கிறார் என்றார்கள். அச்சகமும் அச்சுக்கோப்பவர்களும் கப்பலில் வருவதாக வதந்தி. தாதா அப்துல்லா கம்பெனிக்கு மிரட்டல் போனது, கூடவே பேரமும் போனது: கப்பல்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நஷ்டத்தை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். கம்பெனியை அப்போது நடத்திவந்த அப்துல் கரீம் ஹாஜி ஆதம் மசியவில்லை. என்ன ஆனாலும் கப்பல் துறைக்கு வந்தே தீரும் என்றார்.

இரண்டு கப்பலிலும் சேர்த்து சுமார் 800 பேர் என்று காந்தி எழுதுகிறார். அதில் பாதிப் பேர் நேட்டாலுக்கே வரவில்லை, டிரான்ஸ்வாலுக்குப் போகிறவர்கள். பலர் ஏற்கெனவே அங்கே குடியிருந்து ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள். காந்தி அழைத்து வந்தவர்கள் அவர் வீட்டு ஆட்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு அவர் யாரென்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர்கள் எல்லாரும் அவர் பெயரால் தண்டிக்கப்பட்டார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தது. கப்பல் கேப்டன் மில்ன் முதல் வகுப்புப் பயணிகளுக்கு விருந்து கொடுத்தார். காந்தி மேற்கத்திய நாகரிகத்தைப் பற்றிப் பேசினார். அது அடிப்படையில் பலாத்காரத்தின்மேல் நிற்கிறது என்றார். கேப்டன் குறும்பாகக் கேட்டார்: கரையில் இருப்பவர்கள் சொன்னபடி செய்துவிட்டால் உங்கள் அகிம்சைக் கொள்கை என்னாகும்? மன்னிக்கிற தைரியத்தையும் புத்தியையும் கடவுள் தருவார் என்று நம்புகிறேன் என்கிற பொருளில் காந்தி பதில் சொன்னார். கேப்டன் சிரித்தார், அவ்வளவாக நம்பவில்லை.

கடைசியில் பயணிகளுக்கே இறுதி எச்சரிக்கை வந்தது. உயிர் வேண்டுமானால் திரும்பிப் போங்கள். பயணிகள் கொடுத்த பதில் இது: நேட்டாலில் இறங்க எங்களுக்கு உரிமை உண்டு, எது வந்தாலும் இறங்குவோம். நான் இதைப் படிக்கும்போது காந்தியைவிட அந்தப் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். வாரக்கணக்கில் கடலில் கிடந்து, குடிநீரும் படுக்கையும் கணக்குப் பார்த்து, கரையில் கூட்டம் தடியோடு காத்திருக்கிறது என்று தெரிந்தும் 'இறங்குவோம்' என்று சொன்னவர்கள். அவர்களில் ஒருவரும் தலைவர் இல்லை.

*

ஜனவரி 13. மஞ்சள் கொடி இறங்கியது. கப்பல்கள் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வந்தன. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் வெள்ளையர்கள் கூடியிருந்தார்கள். ரயில்வே தொழிலாளர்கள், தச்சர்கள், கொத்தனார்கள், அச்சகத்தார், கடைச் சிப்பந்திகள் என்று தொழில்வாரியாக அணி பிரித்து வந்திருந்தார்கள். நேட்டாலின் அட்டர்னி ஜெனரல் ஹாரி எஸ்கோம்ப் வந்து பேசினார். சட்டசபையைச் சீக்கிரம் கூட்டி நீங்கள் கேட்கும் சட்டத்தைக் கொண்டுவருகிறோம், ராணியின் பெயரால் கலைந்து போங்கள் என்றார். கூட்டம் கலைந்தது. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.

காந்திக்கு மட்டும் எஸ்கோம்ப் தனியாகச் செய்தி அனுப்பினார். வெள்ளையர்கள் உங்கள்மீது கடுங்கோபத்தில் இருக்கிறார்கள், உங்கள் உயிருக்கு ஆபத்து. நீங்களும் குடும்பமும் பொழுது சாய்ந்த பிறகு இறங்குங்கள். துறைமுக அதிகாரி டேட்டம் உங்களை வீட்டில் கொண்டுபோய் விடுவார். கேப்டன் இதைச் சொன்னதும் காந்தி சரி என்றார்.

இந்த 'சரி'தான் என்னை நிறுத்துகிறது. நாம் நினைத்துக்கொள்கிற காந்தி முதலிலேயே மறுத்திருப்பார். நிஜமான காந்தி ஒத்துக்கொண்டார். மனைவி, மூன்று குழந்தைகள், உயிருக்கு ஆபத்து, அரசின் பாதுகாப்பு. யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்வார்கள். எஸ்கோம்ப்பும் முழு வில்லன் இல்லை. நேட்டால் நீதிமன்றத்தில் காந்தி வக்கீலாகப் பதிவுசெய்ய மனுப் போட்டபோது கட்டணம் வாங்காமல் அதை முன்வைத்தவர் அவர். ஒருபக்கம் கூட்டத்துக்குச் சட்டம் வாக்களித்தார், இன்னொரு பக்கம் காந்தியின் உயிரைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட்டார். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, லாட்டன் வந்தார். தாதா அப்துல்லா கம்பெனியின் சட்ட ஆலோசகர், வெள்ளையர், அந்த நாட்களில் டர்பன் வெள்ளையர்களின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தவர். கேப்டனிடம், சட்டத் தடை இல்லையென்றால் என் பொறுப்பில் காந்தியை அழைத்துப் போகிறேன் என்றார். பிறகு காந்தியிடம் தன் யோசனையைச் சொன்னார். கஸ்தூர்பாவும் குழந்தைகளும் வண்டியில் பார்சி ருஸ்தம்ஜியின் வீட்டுக்கு முன்னால் போகட்டும். நாம் இருவரும் பின்னால் நடந்து போவோம். இருட்டில் திருடன் மாதிரி நீங்கள் ஊருக்குள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் உங்களைத் தொடுவார்கள் என்று தோன்றவில்லை, கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது.

லாட்டன் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று ஆபத்தைப் பற்றிய கணிப்பு. அது முழுக்கத் தப்பு. எஸ்கோம்ப்பின் கணிப்புதான் சரி என்று அடுத்த ஒரு மணி நேரம் காட்டியது. இன்னொன்று இருட்டில் இறங்குவதன் அர்த்தத்தைப் பற்றியது. அதில் லாட்டன்தான் சரி. 26 நாள் அந்தப் பயணிகள் எதற்காகக் கடலில் காத்திருந்தார்கள்? நாங்கள் இறங்க உரிமையுள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டல்லவா? அப்படிச் சொன்னபிறகு, அவர்களுக்காகப் பேசுகிற ஆள் மட்டும் ஒளிந்து இறங்கினால் அந்த உரிமை என்னாகிறது? ஒளிந்து வந்தவன் ஏதோ தப்பு செய்தவன் என்றுதான் ஊர் சொல்லும். அனுமதியோடு ஒளிவது, போலீஸ் பாதுகாப்போடு ஒளிவது என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. இருட்டு மட்டும்தான் தெரியும்.

காந்தி கேப்டனிடம் சொல்லிவிட்டு லாட்டனோடு இறங்கினார்.

*

அதற்குப் பின் நடந்தது ஊரறிந்தது. சுருக்கமாகவே சொல்கிறேன்.

கஸ்தூர்பாவும் குழந்தைகளும் வண்டியில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தெரியாத தேசம், உடுத்தப் பழகாத உடுப்பு, கணவன் கூட இல்லை. மாலை ஐந்து மணி வாக்கில் காந்தி இறங்கி நடக்கத் தொடங்கியதும் சில பையன்கள் அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கத்தினார்கள். கூட்டம் சேர்ந்தது. லாட்டன் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். மனிதன் இழுக்கும் வண்டியில் ஏறுவது காந்திக்குப் பிடிக்காது; அன்று ஏறத் தயாராக இருந்தார். ஆனால் பையன்கள் மிரட்டியதில் ரிக்‌ஷாக்காரர் ஓடிவிட்டார். ருஸ்தம்ஜியின் வீடு சுமார் இரண்டு மைல். கூட்டம் பெருத்துக்கொண்டே வந்து லாட்டனைப் பிரித்து இழுத்துக்கொண்டு போயிற்று. கல், செங்கல் துண்டு, அழுகின முட்டை. ஒருவன் தலைப்பாகையைப் பிடுங்கினான். அடியும் உதையும். மயக்கம் வந்து ஒரு வீட்டின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் அந்தப் பக்கமாக வந்தவர் போலீஸ் சூப்பரின்டெண்ட் அலெக்சாண்டரின் மனைவி. வெயில் இல்லாவிட்டாலும் குடையை விரித்துக்கொண்டு காந்திக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். அவர்மேல் படாமல் காந்தியை அடிக்க முடியாது. ஓர் இந்தியப் பையன் ஓடிப்போய்ச் சொல்ல, போலீஸ் வந்தது. வழியில் ஸ்டேஷனிலேயே தங்கிவிடச் சொன்னார்கள். காந்தி மறுத்து ருஸ்தம்ஜி வீட்டுக்கே போனார். கப்பல் மருத்துவர் அங்கே இருந்தார், காயத்துக்கு மருந்து போட்டார்.

இரவில் கூட்டம் வீட்டைச் சூழ்ந்துகொண்டது. ஆளைக் கொடு, இல்லாவிட்டால் வீட்டைக் கொளுத்துவோம் என்றது. அலெக்சாண்டர் வாசலில் நின்றுகொண்டு கூட்டத்தைப் பாட்டுப் பாடவைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். காந்தியைத் தூக்கில் போடுவதாக வரும் கேலிப்பாட்டு. அதே நேரம் உள்ளே ஆள் அனுப்பினார்: உங்கள் நண்பரின் வீடும் உடைமையும் உங்கள் குடும்பமும் தப்ப வேண்டுமானால், மாறுவேடத்தில் வெளியேறிவிடுங்கள்.

இந்தத் தடவை காந்தி கேட்டார். இந்தியக் கான்ஸ்டபிள் உடுப்பைப் போட்டுக்கொண்டார். தலையில் அடி விழுந்தால் தாங்க ஓர் உலோகத் தட்டு. அதன்மேல் மதராஸிகள் கட்டுகிற துணியைச் சுற்றிக்கொண்டார். கூட இரண்டு துப்பறியும் போலீஸார்; ஒருவர் முகத்தில் சாயம் பூசி இந்திய வணிகர்போல வேடமிட்டிருந்தார். பக்கத்துக் கடைக்குள் புகுந்து, கிட்டங்கியில் அடுக்கியிருந்த சாக்கு மூட்டைகளைத் தாண்டி, தெருக்கோடியில் நின்ற வண்டியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். மாலையில் தலைப்பாகையைப் பறிகொடுத்த மனிதர் ராத்திரி தமிழனின் தலைத்துணியில் தப்பினார்.

சரி, அப்படியானால் மாலையில் வெளிச்சத்தில் இறங்கியதற்கு என்ன அர்த்தம்? இருட்டில் போகமாட்டேன் என்றவர் சில மணி நேரத்திலேயே இருட்டில், அதுவும் வேடம் போட்டுக்கொண்டு போனாரே? இந்தக் கேள்வியைக் காந்தியே கேட்டுக்கொள்கிறார். உயிர்ப் பயத்தாலா, நண்பரின் வீட்டையும் குடும்பத்தையும் காப்பாற்றவா, எதற்காக அப்படிச் செய்தேன் என்று யார் சொல்ல முடியும் என்கிறார். கூட்டத்தை எதிர்கொண்டது சரி, தப்பியோடியதும் சரி என்று எவர் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்கிறார். முடிந்துபோனவற்றில் சரி தப்பு பார்ப்பது வீண் என்று நகர்ந்துவிடுகிறார்.

அவர் நகர்ந்தாலும் எனக்கு நகர முடியவில்லை. இரண்டும் சரி என்றுதான் நினைக்கிறேன், ஒரே காரணத்தால். மாலையில் அவர் பணயம் வைத்தது தன் உடம்பை மட்டும். குடும்பம் வண்டியில் போய்விட்டது. இரவில் பணயம் ருஸ்தம்ஜியின் வீடு, கஸ்தூர்பா, குழந்தைகள். அடுத்தவர் உயிரை வைத்து நாம் தைரியம் காட்டக் கூடாது. அதோடு, இரவுக்குள் காரியம் முடிந்திருந்தது. அவர் பகலில் இறங்கிவிட்டார். அதை எந்த வேடமும் திருப்பி எடுக்க முடியாது.

*

அன்று கப்பலில் வைத்தே காந்தி உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்திருந்தார். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பதில் இருந்தது. அது வெளியானதும், தான் இந்தியாவில் சொன்னது எதுவும் நேட்டாலில் ஏற்கெனவே சொல்லாதது இல்லை என்று தெளிவானது. லண்டனிலிருந்து குடியேற்ற அமைச்சர் சேம்பர்லேன் தாக்கியவர்கள்மேல் வழக்குப் போடச் சொல்லித் தந்தி அடித்தார். எஸ்கோம்ப் கூப்பிட்டுக் கேட்டார். காந்தி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். குற்றம் அந்தப் பையன்களுடையது இல்லை, அவர்களைத் தூண்டிவிட்ட தலைவர்களுடையது, அரசாங்கத்தினுடையது என்பது அவர் வாதம்.

இத்தோடு நல்லபடியாக முடிந்துவிட்டதாகத்தான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டம் இரண்டு கேட்டது. இவர்களைத் திருப்பி அனுப்பு. இனிமேல் யாரும் வராமல் பார்த்துக்கொள். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவது கிடைத்தது. எஸ்கோம்ப் அடுத்த மாதமே நேட்டாலின் பிரதமரானார். துறைமுகத்தில் கொடுத்த வாக்கை அந்த ஆண்டே நிறைவேற்றினார். 1897ஆம் ஆண்டின் குடியேற்றத் தடைச் சட்டத்தில் இந்தியன் என்ற சொல்லே கிடையாது. வந்து இறங்குகிறவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தமிழ் தெரியும், குஜராத்தி தெரியும், சமஸ்கிருதம் தெரியும் என்பதெல்லாம் செல்லாது. நிறத்தைச் சொல்லாமல் நிறத்தைத் தடுக்கிற இந்த வழி சேம்பர்லேனுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வருடம் லண்டனில் கூடிய குடியேற்ற நாடுகளின் மாநாட்டில் மற்றவர்களுக்கும் இதை மாதிரியாகக் காட்டினார். ஆஸ்திரேலியா 1901இல் இதையே கொஞ்சம் மாற்றி, 50 சொல் உள்ள ஒரு பத்தியைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று ஆக்கியது. அந்தச் சோதனை 1958 வரை சட்டத்தில் இருந்தது. டர்பன் துறைமுகத்தில் கலைந்துபோன கூட்டம் ஒரு விதத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத் துறைமுகங்களில் நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஒப்பந்தக் கூலிகளுக்கு இந்தச் சோதனை கிடையாது.

இங்கேதான் முழு விஷயமும் இருப்பதாக நினைக்கிறேன். இந்தியர்கள் வரக் கூடாது என்று நேட்டால் ஒருநாளும் சொல்லவில்லை. கரும்புக்கு ஆள் வேண்டும், நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் வேண்டும். எண்ணோடு வந்தால் எழுத்துத் தேர்வு வேண்டாம். டிக்கெட்டோடு வந்தால் தேர்வு. ஐந்து வருடம் முடிந்து சுதந்திரமாக அங்கேயே இருக்க நினைத்த கிர்மிட்டியாமேல் வருடத்துக்கு மூன்று பவுன் வரி விதிக்க 1895லேயே சட்டம் செய்தாயிற்று. ஒன்று மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் கப்பல் ஏறு என்பதே அதன் நோக்கம். கூட்டத்தை உறுத்தியது இந்தியனின் நிறம் மட்டும் இல்லை. தானாகத் தீர்மானித்து, தன் காலால் நடந்து கரைக்கு வருகிற இந்தியன். இறக்கப்படுகிறவனைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. இறங்குகிறவன்தான் பிரச்சினை.

பிறகு 1914 மே மாதம் வான்கூவர் துறைமுகத்தில் கோமகாட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு நின்றபோதும் இதே கதைதான். கனடா இன்னொரு நூதனமான விதி வைத்திருந்தது: சொந்த நாட்டிலிருந்து நேராக, இடையில் எங்கும் மாறாமல் வந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கரை பார்த்து நின்று, ஏற்கெனவே அங்கே குடியிருந்த இருபத்துச் சொச்சம் பேர் மட்டும் இறங்க, கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29 அன்று கல்கத்தா அருகே பஜ் பஜ்ஜில் அவர்கள் இறங்கியபோது, இறங்கியதும் எங்கே போக வேண்டும் என்பதையும் அரசாங்கமே தீர்மானித்து வைத்திருந்தது. நேராக ரயிலில் ஏறிப் பஞ்சாபுக்குப் போ என்றது. பலர் மறுத்துக் கல்கத்தா நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் சுமார் இருபது பேர் செத்தார்கள். சொந்த நாட்டுக் கரையில்கூட எப்படி இறங்குவது என்பது அவர்கள் கையில் இல்லை.

காந்தி 1913 கடைசியில் சிறையிலிருந்து வெளிவந்தபோது கோட்டையும் காலுறையையும் விட்டுவிட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் உடுத்துவது போன்ற உடையில் டர்பன் கூட்டத்தில் நின்றார். மூன்று பவுன் வரிக்கு எதிரான அந்த வேலைநிறுத்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கான துக்கம் அது. 1915 ஜனவரி 9 அன்று பம்பாய் அப்பல்லோ பந்தரில், ராஜாக்களும் வைஸ்ராய்களும் இறங்குகிற துறையில், கத்தியவார் உடையில் இறங்கினார். நல்ல பகல் நேரம். வரவேற்கக் கூட்டம். இந்த இறக்கத்தைப் பற்றி நிறையப் படங்களும் எழுத்தும் இருக்கின்றன.

நான் யோசிப்பது 1897இன் மற்ற பயணிகளைப் பற்றி. எஸ்கோம்ப் பேசி முடித்து, கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்ததும், நாதேரியிலிருந்தும் கோர்லண்டிலிருந்தும் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கினார்கள். ஒருவரையும் பொழுது சாய்ந்தபின் வரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் அடி விழவில்லை. சிலர் கடைக்குப் போனார்கள், சிலர் டிரான்ஸ்வால் ரயிலைப் பிடிக்கப் போனார்கள், சிலர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். ஜனவரி அங்கே கோடை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.